மீண்டும் ஏறும் ஞானரதம்

உழவர்கரையில் வாழும் உங்களுக்குப் பாரதியாரின் ‘ஞானரதம்’ அயலூர்ப் புத்தகமன்று. அவர் புதுவையில் வாழ்ந்த காலத்தில், 1910ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது அது. திருவல்லிக்கேணி வீட்டில் படுத்திருப்பவர் அறிவாகிய தேரேறிப் பல உலகங்களுக்குச் செல்கிறார். முதல் வாசிப்பில் நம்மைக் கவர்வது கந்தர்வலோகந்தான். இளமைக்கு அது இயல்பு. மறுமுறை படிக்கையிலோ, அதற்கு முன்வரும் உபசாந்திலோகத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகிறோம். கவலையற்ற அவ்வுலகில் மனத்துக்கு இடமில்லை. மனமோ நடுங்குகிறது; அதைத் துறக்க மாட்டாமல் அவர் திரும்பிவிடுகிறார். அது கோழைமையா, அன்பா? நண்பர் நால்வர் கூடிப் பேசிப் பாருங்கள். துன்பம் தீருமானால் மனத்தையே இழக்கலாம் என்பார் ஒருவர். மனம் அழிந்தபின் அமைதியை நுகர்பவர் யார் என்பார் மற்றொருவர். நான் இரண்டாமவர் பக்கமே. மனத்தை அவ்வாயிலில் விட்டிருந்தால், கந்தர்வலோகத்தை அவர் எதைக்கொண்டு கண்டிருப்பார்?