போர்டு மாற்றும் முன் விண்டோஸைக் கேளுங்கள்

கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போனால், "போர்டும் பிராசசரும் மாத்திடலாம் சார், டிஸ்க் பழசே இருக்கட்டும்" என்பார் கடைக்காரர். நாமும் விலை பேசுவோம், வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்போம். அந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ் புது போர்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பவர்கள் குறைவு. சாயங்காலம் போன் வரும்: "ஃபார்மேட் அடிக்க வேண்டியதாப் போச்சு சார்."

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் இவை இல்லாததால் பலர் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். சிக்கனமான முடிவுதான். ஆனால் செலவு போர்டோடு நிற்குமா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் ஒரு கணினியை முக்கியமாக மதர்போர்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ரேம் கூட்டுங்கள், கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள், அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. போர்டு மாறினால் அதன் கணக்கில் அது வேறு கணினி. அப்போது உரிமம் எந்த வகை என்பது முக்கியமாகிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தைப் புது போர்டுக்குக் கொண்டுபோகலாம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தப் போர்டோடு முடிகிறது. உங்களுடையது எது என்று தெரிய, கமாண்ட் ப்ராம்ப்டில் ஆங்கில எழுத்துகளில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, டிஎல்ஐ என்று அடித்தால் சின்ன பெட்டி ஒன்று திறந்து சொல்லிவிடும். சில்லறை என்று வந்தால், போர்டைக் கழற்றும் முன்பே அந்த உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், ஹார்டுவேரை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்தால் உரிமம் புது போர்டுக்கு வந்துவிடும். முன்கூட்டி இணைக்காதவருக்கு இந்த வழி கிடைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிராண்டட் லேப்டாப்பில் போர்டு பழுதாகி, வாரண்டியில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் பழைய ஓஇஎம் உரிமம் செல்லும். மாற்றிய பிறகு 'விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை' என்று திரையின் மூலையில் எழுத்து தெரிந்தால், புது உரிமத்துக்குப் பணம் கட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரிடமே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

உரிமம் போனால் போவது பணம்தான். அதைவிடப் பெரிய ஆபத்து பிட்லாக்கர். டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற இந்த வசதி, சாவியை டிபிஎம்மில் வைத்திருக்கும். போர்டு மாறினால் சாவி இருந்த இடமே போய்விடுகிறது. அடுத்த முறை கணினியைப் போட்டதும் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தாலும் அந்த எண்ணைப் புதிதாக உருவாக்கித் தர முடியாது. கல்யாணப் போட்டோவோ பத்து வருஷத்துக் கணக்கோ, அத்தோடு முடிந்தது.

"நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பார்கள். நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூட இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாக விழுந்துவிடுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அந்தக் கணக்கு யாருடையது? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையனே தன் மின்னஞ்சலைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருந்தால், உங்கள் வீட்டுச் சாவி அவர் பையில் இருக்கிறது. கல்லூரி, அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள நிர்வாகியிடம் இருக்கும். இதை இன்றே பார்த்துவிடுவது நல்லது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பிராசசரை மட்டும் மாற்றினாலும் ஏஎம்டி கணினிகளில் இதே தொல்லை வரலாம். அவற்றில் டிபிஎம் பெரும்பாலும் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. புதியதை மாட்டியதும் கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி வந்து, ஒய் அழுத்தவா என் அழுத்தவா என்று கேட்கும். அவசரத்தில் ஒய்யைத் தட்டினால் பழைய சாவி அழியும். மீட்பு எண் கையில் இல்லாதவர் 'என்' எழுத்தை அழுத்திவிட்டு, பழைய பிராசசரை மறுபடி மாட்டி டேட்டாவை எடுத்துக்கொள்ளலாம். வேலையைத் தொடங்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தாலோ முழுதாக எடுத்துவிட்டாலோ இந்தக் கேள்வியால் கெடுதல் இல்லை.

சரி, ஃபார்மேட் அடித்தே ஆக வேண்டுமா? விண்டோஸ் 10, 11 இரண்டும் பல நேரம் புது போர்டிலும் எழுந்து, தேவையான டிரைவர்களைத் தாமே தேடிக்கொள்ளும். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் சில புது போர்டுகள் அதிலிருந்து பூட் ஆகாது. அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. சுத்தமாகப் புதிதாக நிறுவுவதுதான் நல்லது என்று மெக்கானிக் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அது உங்களைக் கேட்டு, பேக்கப் எடுத்த பிறகு நடக்க வேண்டிய வேலை. "டி டிரைவைத் தொடல சார்" என்ற உத்தரவாதம் போதாது. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன. டிடிபி கடைக்காரர்களுக்கு இன்னொன்று: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களும் சி டிரைவில்தான். அவை போனால் கோப்புகள் பத்திரமாக இருந்தும் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் போர்டைக் கழற்றும் முன்பே அதன் உரிமத்தை சரண்டர் செய்துவிட வேண்டும்.

ஓஎஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றால் எதைப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். திருட்டு விண்டோஸை இயக்க உதவும் ஆக்டிவேட்டர்களோடு வைரஸ் சேர்ந்து வருவது பழைய கதை. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பிரிவு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகளை நம்ப வேண்டாம். அவற்றில் பல, பெருநிறுவனங்களுக்குத் தரப்பட்ட மொத்த உரிமங்கள்; பின்னால் முடக்கப்படலாம். காசு செலவழிக்க மனமில்லாதவருக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்கள் இருக்கின்றன. போர்டு மாறினாலும் அவை அதிகம் முரண்டு பிடிப்பதில்லை, உரிமத் தலைவலியும் கிடையாது.

கேட்காமல் டேட்டாவை அழித்துவிட்டால் என்ன செய்யலாம்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை அடுத்தவருக்குத் தருவதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள். ரசீதின் அடியில் 'டேட்டாவுக்குப் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரி எல்லாவற்றுக்கும் கவசமாகிவிடாது. ஆனால் உங்கள் பக்கமும் காகிதம் வேண்டும். கணினியைக் கொடுக்கும்போதே 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக்கூடாது' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதே வரியைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ருதி தளம் வழியாகவும் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிழைப்புக்காகத் தானே ஜெராக்ஸ் கடையோ டிடிபி கடையோ நடத்துபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான், 'நீங்க பிசினஸ் பண்றவரு' என்று தட்டிக் கழிக்க முடியாது. படங்கள் வெளியே கசிந்தால் அது ஆணையத்தோடு நிற்கிற விஷயமல்ல. சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் புகார் கொடுங்கள்.