வெள்ள நேரப் பையில் 'பேட்' இருக்கிறதா?

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் கொட்டிய பேய் மழையும் பலத்த காற்றும் பினாங்கைப் புரட்டிப் போட்டன. எழுவர் உயிரிழந்தனர். தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததால், ஆயிரக்கணக்கானோர் தற்காலிக நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது.

அப்படி ஒரு மையத்தில் இருக்கும் மாணவிக்கு மாதவிடாய் வந்தால் என்ன செய்வாள்? கட்டிய துணியோடு வீட்டைவிட்டு வந்திருப்பாள். பக்கத்துக் கடையும் மூடிக் கிடக்கும். சோறு, பாய், போர்வை கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால், முன்பின் தெரியாத தன்னார்வலரிடம் 'பேட்' வேண்டும் என்று கேட்க வாய் வராது. மாற்றாமல் மணிக்கணக்கில் ஈரத்தோடு இருந்தால் அரிப்பும் தோல் புண்ணும் வரும்.

பேரிடர் உதவிக்கான அனைத்துலக வழிகாட்டியான 'ஸ்பியர்' கையேட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்குத் தெளிவான கணக்குத் தருகிறது. ஒருவருக்கு மாதம் 15 பேட் அல்லது துவைத்துப் பயன்படுத்தும் பேட் ஆண்டுக்கு 6. ஆண்டுக்கு 6 உள்ளாடை. மாதம் 250 கிராம் கூடுதல் சவர்க்காரம். எது வசதி என்பதைப் பெண்களிடமே கேட்க வேண்டும் என்கிறது. துவைக்கும் பேட்டுக்கு நல்ல தண்ணீரும் காயவைக்க மறைவான இடமும் தேவை. கூட்டம் நிறைந்த மண்டபத்தில் அதற்கு எங்கே போவது?

பேட் மட்டும் போதாது. உள்ளே தாழிடக்கூடிய கழிப்பறை, இரவில் வெளிச்சம், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவையும் வேண்டும். தொட்டி இல்லையென்றால் பேட் கழிப்பறைக்குள் போகும், குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு அவதி எல்லாருக்கும்தான்.

மாணவர்கள் செய்யக்கூடியவை:

• மழைக்காலத்துக்கு முன்பே பேட், உள்ளாடை, சவர்க்காரம் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி, முக்கிய ஆவணங்களோடும் மருந்துகளோடும் தயாராக வையுங்கள்.

• பள்ளியிலோ கல்லூரியிலோ நிவாரணப் பொருள் திரட்டும்போது, அரிசி, பிஸ்கட்டோடு பேட்டையும் பட்டியலில் சேருங்கள்.

• மையத்தில் உதவச் சென்றால், பேட் பெட்டியைப் பெண்கள் கழிப்பறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். யாரிடமும் கேட்காமல் தேவையானவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இது பெண் பிள்ளைகளின் வேலை என்று ஆண் மாணவர்கள் ஒதுங்க வேண்டாம். அரிசி மூட்டையை இறக்கும் அதே கை பேட் பெட்டியையும் இறக்கலாம். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தாலே, அங்கிருக்கும் ஒரு மாணவியின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.