நூற்பவள் முதல் முதிர்கன்னி வரை: 'ஸ்பின்ஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் மாற்றம்

இன்று ஆங்கிலத்தில் பெரிதும் வழக்கொழிந்துவிட்ட 'ஸ்பின்ஸ்டர்' என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் 'முதிர்கன்னி' என்றே பெயர்க்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினங்களுக்கு இப்பெயர்ப்புப் பொருந்தும். ஆனால் பதினேழாம் நூற்றாண்டு உயில் ஒன்றிலோ நீதிமன்றப் பதிவிலோ வரும் அதே சொல்லை இவ்வாறு பெயர்த்தால், அந்த ஆவணம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். அச்சொல்லின் அடியில் முதுமையும் இல்லை, கன்னிமையும் இல்லை. நூற்புத் தொழிலே உள்ளது.

சொல்லமைப்பு

'ஸ்பின்' என்னும் வினையடி நூற்றலைக் குறிக்கும். 'ஸ்டர்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்யும் பெண்ணைக் குறித்த விகுதியாகும். நெய்பவள் 'வெப்ஸ்டர்', மது வடிப்பவள் 'புரூஸ்டர்', அப்பம் சுடுபவள் 'பாக்ஸ்டர்' என வழங்கப்பட்டனர். இம்மூன்றும் இன்று குடும்பப் பெயர்களாகவே எஞ்சியுள்ளன. அமெரிக்க அகராதியாசிரியர் நோவா வெப்ஸ்டரின் பெயர் நெசவுப் பெண்ணொருத்தியின் தொழிலை ஏந்தி நிற்கிறது என்பது எண்ணத்தக்கது. காலப்போக்கில் இவ்விகுதி தன் பெண்பாற் பொருளை இழந்து, 'யங்ஸ்டர்', 'கேங்ஸ்டர்' போன்ற சொற்களில் பொது விகுதியாயிற்று. தையற்காரியைக் குறிக்க அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியைச் சேர்த்து 'சீம்ஸ்ட்ரஸ்' என்று ஆக்க வேண்டிய நிலையும் வந்தது. இவ்வகைப் பழஞ்சொற்களுள் பெண்ணை மட்டுமே குறிப்பதாக இன்றுவரை நிலைத்தது 'ஸ்பின்ஸ்டர்' எனலாம்.

பதினான்காம் நூற்றாண்டில் லாங்லண்ட் இயற்றிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்னும் நெடும்பாடலில் இச்சொல் நூற்பவர் என்னும் நேர்ப்பொருளிலேயே வருகிறது. ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பலர் நூற்க வேண்டியிருந்தது. நிலமோ பெருமுதலோ வேண்டாத இத்தொழில், கணவன் வருவாயை நம்ப இயலாத பெண்களுக்கு எளிதில் கைகொடுத்தது. சங்க இலக்கியத்திலும் இதையொத்த சூழலைக் காணலாம். நற்றிணை 353ஆம் பாடல் ஆண் துணையற்ற பெண்டிர் நூற்ற நுண்ணூலை உவமையாக்குகிறது. புறநானூற்றில் (125, 326) 'பருத்திப் பெண்டு' என்னும் வழக்கு உள்ளது. இரு மொழிச் சொற்களுக்கும் உறவில்லை. ஒத்திருப்பது வாழ்க்கை நிலையே.

சட்ட ஆவணங்களில்

தொழிலைக் குறித்த சொல் மண நிலையைக் குறிக்கத் தொடங்கியதில் சட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. 1413ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று, குறிப்பிட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பினரின் பெயரோடு அவரது தகுதி அல்லது தொழிலையும் ஊரையும் சேர்த்தெழுத வேண்டும் என விதித்தது. ஆண்களுக்கு உழவர், தச்சர், கனவான் எனப் பல அடைகள் கிடைத்தன. பெண்களுக்கு வாய்த்தவை மிகச் சில. மணமாகாத பெண்ணின் பெயருக்குப் பின் 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதுவது எழுத்தர் மரபாக நிலைபெற்றது. மின்ஷூவின் 1617ஆம் ஆண்டு அகராதி, இது சட்ட ஆவணங்களில் மணமாகாத பெண்களுக்குச் சேர்க்கப்படும் அடை என்கிறது. 1656இல் பிளவுண்ட், வைகவுண்ட் என்னும் பிரபுவின் மகள் முதல் கீழுள்ள மணமாகாத பெண்கள் அனைவர்க்கும் இதுவே அடை என்கிறார். இராட்டையைத் தொட்டறியாத பிரபு மகளும் ஏட்டில் நூற்பவளானாள்.

இந்த அடையில் இகழ்ச்சி இல்லை, உரிமை இருந்தது. மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கிவிட, மணமாகாதவளோ தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்குத் தொடுக்கவும் முடிந்தது. மனைவியருக்கு இவை பேரளவில் கிடைத்தது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

குற்றவியல் பதிவுகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் பதிவுகளில் ஒரே பெண் 'ஸ்பின்ஸ்டர்' என்றும் 'இன்னாரின் மனைவி' என்றும் ஒருசேரக் குறிக்கப்படுகிறாள். கரோல் வீனர் (1976), ஜே. எச். பேக்கர் (1977) ஆகியோர் இதனை விவாதித்துள்ளனர். பேக்கர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே ஆண் 'ஸ்பின்ஸ்டர்'களையும் குறிப்பிடுகிறார். கணவன் முன்னிலையில் மனைவி செய்த சில குற்றங்கள் அவன் வற்புறுத்தலால் நிகழ்ந்தவை எனச் சட்டம் ஊகித்தது. அவளை 'ஸ்பின்ஸ்டர்' என்று பதிந்தால் அந்தப் பாதுகாப்பு விலகி, அவளே பொறுப்பாவாள் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. திருட்டுக்கும் தூக்குத் தண்டனை கிடைக்கக்கூடிய காலத்தில் எழுத்தரின் அடைமொழி வெறும் அடைமொழியாக இருந்திருக்க முடியாது.

இகழ்ச்சிப் பொருள்

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சொல் வழக்கமான மண வயதைக் கடந்தவளைச் சிறப்பாகச் சுட்டத் தொடங்கியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் நூற்பு இயந்திரங்கள் வந்தன. கைநூற்பு அழிந்தது, தொழிற்பொருள் நினைவிலிருந்து அகன்றது, எஞ்சியது கணவன் இல்லாமை மட்டுமே. 1862இல் டபிள்யூ. ஆர். கிரெக், மணமாகாப் பெண்களை 'மிகை'யானவர்களாகக் கருதிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என எழுதினார். அவ்வாண்டிலேயே பிரான்சிஸ் பவர் காப் அதனை மறுத்தார். 'பேச்சுலர்' என்னும் ஆண்பாற் சொல்லுக்கு இத்தகைய இழிவு நேரவில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் மணப் பதிவேடுகளிலிருந்து இவ்விரு சொற்களும் 2005 டிசம்பரில் நீங்கின. 2015இல் கேட் போலிக் தம் நூலுக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்றே பெயரிட்டது, இகழ்ச்சியை மறுத்துச் சொல்லை மீட்கும் முயற்சியாகும்.

இந்தியச் சட்டத்திலும் இச்சொல் பதிந்துள்ளது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப் படிவம் 'மணமாகாதவர்' என்னும் பொருளுடைய பொதுச் சொல்லையே ஆள்கிறது. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் தரும் மாதிரி அறிவிப்பில் மணமகன் 'மனைவியை இழந்தவர்', மணமகள் 'ஸ்பின்ஸ்டர்'. வயதுக்குரிய கட்டத்தில் அந்த 'ஸ்பின்ஸ்ட'ருக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது, உரிய வயதை எட்டாதவள் என்பதாகும்.