முந்தினவனுக்கா, முன்னேறினவனுக்கா பதக்கம்?

குடியரசு தினம், பொங்கல், சுதந்திர தினம் என்று நாள் நெருங்கினால் விழாக் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு நம் கடைகளுக்கு வருவது வழக்கம். முன்பெல்லாம் கபடி, உறியடி, வழுக்கு மரம் என்று சொல்லிக் கேட்பார்கள். இப்போது ‘மினி மாரத்தான்’ என்கிறார்கள். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத 5 கிலோமீட்டருக்கும் அதே பெயர்தான். பெயரில் என்ன இருக்கிறது, ஓடினால் சரி.

பணம் கொடுக்கிறவர்கள் நாம் என்பதால், அந்தப் பணம் எதற்குப் பதக்கமாகிறது என்று யோசிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. முதல் மூன்று பேருக்கு மட்டும் பதக்கம் என்பது பழைய முறை. ஓடி முடித்த எல்லோருக்கும் பதக்கம் என்பது சென்னை, மும்பை போன்ற நகரங்களின் முறை. இப்போது இளைஞர்கள் மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்கள். சென்ற ஆண்டைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவருக்கு, அதாவது தன்னைத் தானே முந்தினவருக்கு, ஒரு பதக்கம் கொடுத்தால் என்ன என்கிறார்கள். இது பற்றி நம் வணிகப் பெருமக்களிடம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் ஓடினவன் அல்ல. மளிகை மொத்த வியாபாரத்தில் கணக்குப் பார்த்துக் கிழடானவன். ஆனால் இது முக்கால்வாசி கணக்கு விஷயம்தான்.

முதலில் அந்த இளைஞர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1984ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். நேரம் 55.42 வினாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. ஒரு வினாடியை நூறு கூறாக்கி அதில் ஒரே ஒரு கூறு! அந்த ஓட்டத்தை உஷா தன் வாழ்நாளில் அதைவிட வேகமாக ஓடியதில்லை. 39 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே 55.42 வினாடியில் ஓடி அந்த இந்திய சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதி ஓட்டத்தில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 55.68 வினாடி. முதல் நாளைவிட மெதுவாக ஓடியும் வெண்கலம் கிடைத்தது. 1960ல் ரோம் நகரில் மில்கா சிங் நான்காவதாக வந்தபோது ஓடிய நேரம் 1998 வரை தேசிய சாதனையாக நின்றது. அதற்கும் பதக்கம் இல்லை.

ஆக, பதக்கம் என்பது பக்கத்தில் ஓடியவர்களைப் பொறுத்தது. நாம் எப்படி ஓடினோம் என்பதை அது சொல்லாது. ஒலிம்பிக்கில் அப்படித்தான் இருக்க முடியும். அங்கே போகிறவர்கள் முந்துவதற்காகவே போகிறவர்கள்.

நம் ஊர்ப் பந்தயம் அப்படியா? இங்கே முதல் பரிசு யாருக்கு என்பது கொடி அசைக்கும் முன்பே தெரியும். பரிசுப் பணத்துக்கென்றே வெளியூரிலிருந்து வரும், நல்ல பயிற்சி பெற்ற நாலைந்து பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டு அடுத்த ஊர்ப் பந்தயத்துக்கு பஸ் ஏறுவார்கள். மற்றவர்கள் யார்? டாக்டர் சொன்னதால் ஓடும் சர்க்கரை நோய்க்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், வாத்தியார்கள், போலீஸ் வேலைக்குத் தயார் செய்யும் பையன்கள். இவர்களுக்கு முதல் மூன்று இடம் எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை.

இந்தப் போலீஸ் பையன்கள் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கமும் வடலூர்ப் பக்கமும் விடியற்காலையில் சாலையோரம் ஓடுகிறவர்களில் பலர் அவர்கள்தான். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 7 நிமிடம் 1 வினாடி என்றால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் கடையில் மூட்டை ஏற்றி இறக்கும் பையன் ஒருவன் 9 நிமிடத்தில் தொடங்கி ஒரு வருஷத்தில் 7 நிமிடம் 20 வினாடிக்கு வந்திருக்கிறான். பக்கத்து ஊர்ப் பந்தயத்தில் இரண்டு ஆண்டு தொடர்ந்து ஓடினான். அவன் என்ன நேரத்தில் முடித்தான் என்று அங்கே கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டியதும் நேரம் குறிப்பதை நிறுத்திவிட்டார்களாம்! தன் செல்போனில் தானே பார்த்துக்கொண்ட கணக்குதான் அவனிடம் இருக்கிறது.

இதைக் கேட்டபோது, முன்னேறினவனுக்குப் பதக்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எப்படிக் கொடுப்பது என்று யோசித்தால் நம் வியாபார அனுபவம் குறுக்கே வந்து நிற்கிறது.

வளர்ச்சி ஸ்கீம் தந்த பாடம்

சென்ற ஆண்டு இதே காலாண்டில் எடுத்த சரக்கைவிட 20 சதவீதம் கூடுதலாக எடுத்தால் வெள்ளிக் குத்துவிளக்கு என்றோ, வெளிநாட்டுப் பயணம் என்றோ கம்பெனிகள் ஸ்கீம் போடுவது நமக்குப் புதிதல்ல. இதில் என்ன நடக்கும் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்டாக்கிஸ்ட் ஓர் ஆண்டு வேண்டுமென்றே சரக்கைக் குறைத்து எடுத்தார். தேவைப்பட்டதைப் பக்கத்து ஊர் ஸ்டாக்கிஸ்ட் பெயரில் எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு தன் பெயரிலேயே முழுதும் எடுத்தார். ஏட்டில் 40 சதவீத வளர்ச்சி. குத்துவிளக்கு அவர் வீட்டில் எரிகிறது. மாதம் தவறாமல் நூறு சிப்பம் எடுத்து, சொன்ன தேதியில் பணம் கட்டிய வியாபாரிக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை.

ஓட்டத்திலும் இதே கதை நடக்கும். சென்ற ஆண்டைவிடக் குறைந்த நேரம் என்பதற்குப் பதக்கம் வைத்தால், ஓர் ஆண்டு ஊர்வலம் போவதுபோல் நடந்துவிட்டு மறு ஆண்டு ஓடுகிறவன் வாங்கிக்கொண்டு போவான். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல வரவில்லை. நாலு பேர் செய்தாலே போதும், மற்றவர்கள் வாங்கிய பதக்கத்துக்கும் மதிப்புப் போய்விடும்.

ஏமாற்று இல்லாவிட்டாலும் கணக்கு ஒப்பாது. 21 கிலோமீட்டர் ஓட்டத்தை 3 மணி நேரத்தில் முடித்த புது ஆள் மறு ஆண்டு இரண்டரை மணிக்கு வருவது நடக்கக்கூடியதே. அரை மணி லாபம். ஒன்றரை மணியில் முடிக்கிறவர் 2 நிமிடம் குறைக்க ஆண்டு முழுதும் வியர்வை சிந்த வேண்டும். புதுக்கடை ஓர் ஆண்டில் இரட்டிப்பாகும். முப்பது வருஷக் கடை பத்து சதவீதம் ஏறினாலே பெரிய விஷயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

தராசு என்றதும் இன்னொன்று. இரண்டு ஆண்டு நேரத்தை ஒப்பிட வேண்டுமானால் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் மீட்டரைப் பார்த்து ‘அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்’ என்று கோடு போடுகிறார்கள். முறைப்படி அளப்பவர்கள் சைக்கிளின் முன் சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்தி, சக்கரச் சுற்றை எண்ணி அளக்கிறார்கள். அப்படி அளந்தும், ஒரு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூடச் சேர்க்கிறார்கள். தூரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகக் கொசுறு! இதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மார்கழிக் குளிரில் ஓடியதையும் சித்திரை வெயிலில் ஓடியதையும் ஒப்பிடுவது எப்படி என்பதற்கு எந்தக் கருவியும் இல்லை.

வயது என்ற கழிவு

வயதை மறந்துவிட்டு முன்னேற்றம் பேசக்கூடாது. ஒரு கடை பத்து ஆண்டுக்கு முன் விற்ற அதே தொகைக்கு இன்றும் விற்றால் அது சரிவு, விலைவாசி ஏறியிருக்கிறதே. ஓட்டத்தில் இது தலைகீழ். ஐம்பது வயதில் 30 நிமிடத்தில் ஓடியவர் அறுபதிலும் 30 நிமிடத்தில் ஓடினால் அது வளர்ச்சி. ஆனால் ‘போன தடவையைவிட எவ்வளவு குறைத்தாய்’ என்று மட்டும் கேட்டால் அவருக்குப் பூஜ்யம். மூத்தோர் தடகளத்தில் வயதுக்குத் தக்கபடி கழிவு கொடுக்கும் அட்டவணைகளே வைத்திருக்கிறார்கள்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங் என்ற பெரியவர் 2000ல், 89வது வயதில், லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2003ல் டொரான்டோ நகரில் 92வது வயதில் 5 மணி 40 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்துவிட்டார்! 2011ல் நூறு வயதில் மீண்டும் டொரான்டோவில் ஓடியபோது 8 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நேரத்தை மட்டும் பார்த்தால் இது பின்னேற்றம். ஆனால் நூறு வயதில் ஓடி முடித்தவரைப் பின்தங்கினார் என்று யார் சொல்வார்கள்? பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகக்காரர்கள் அதைப் பதிவு செய்யவில்லை. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ளாத மாதிரிதான். 2025 ஜூலையில், சொந்த ஊர் அருகே சாலையில் கார் மோதி அவர் காலமானார்.

தரம் பிரித்தால் தகராறு இல்லை

அப்படியானால் முன்னேறினவனுக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. அதற்கு வழி காட்டுவது தென்னாப்பிரிக்கா. 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கிய அதே டர்பன் நகரத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கும் இடையே காம்ரேட்ஸ் மாரத்தான் என்ற ஓட்டம் நடக்கிறது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். 1921ல் தொடங்கியபோது 34 பேர் கிளம்பி 16 பேர்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு மேட்டை நோக்கி ஓட்டம், மறு ஆண்டு கடற்கரையை நோக்கி இறக்கம். ஆகவே சென்ற ஆண்டு நேரத்தோடு ஒப்பிடும் பேச்சே அங்கே எடுபடாது.

அவர்கள் நாம் பருப்புக்கும் மிளகாய்க்கும் தரம் பிரிப்பதுபோல் பதக்கத்துக்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் பத்துப் பேருக்குத் தங்கம். அதன் பிறகு, ஏழரை மணி நேரத்துக்குள் வந்தால் வெள்ளி. 9 மணிக்குள் வந்தால் பில் ரோவன் பதக்கம். 1921ல் முதல் பந்தயத்தை 8 மணி 59 நிமிடத்தில் வென்றவரின் பெயர் அது. 10 மணிக்குள் வந்தால் வேறொன்று, 11 மணிக்குள் வெண்கலம், 12 மணிக்குள் வந்தால் ஓட்டத்தைத் தொடங்கிய விக் கிளாபம் பெயரில் ஒன்று. 12 மணி அடித்து ஒரு வினாடி கழித்து வந்தாலும் கிடையாது. முதன்முறை ஓடி முடித்தவர் அடுத்த ஆண்டும் வந்து முடித்தால் அதற்கென்று இன்னொரு பதக்கம் 2005 முதல் கொடுக்கிறார்கள்.

இதில் யாரும் வேண்டுமென்றே மெதுவாக ஓடி லாபம் பார்க்க முடியாது. வெண்கலம் வாங்கியவர் உழைத்தால் மேல் படிக்கு வருவார். அந்தப் பதக்கமே அவர் முன்னேற்றத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் ஓடுகிறவர் தோற்க வேண்டியதும் இல்லை. நம் போலீஸ் பையன்கள் தாண்ட வேண்டியதும் இந்த மாதிரிப் படிதான்.

பதக்கமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் 2008ல் தொடங்கிய மாரத்தானில், ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுங்கள் என்று சொல்லி, ஜெயித்தவருக்குப் பரிசு என்பதையே வைக்கவில்லை. லண்டனில் 2004ல் 13 பேரோடு ஒரு பூங்காவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ‘பார்க்ரன்’ என்ற வாராந்திர 5 கிலோமீட்டர் ஓட்டத்திலும் பதக்கம் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆனால் கடைசியாக வருகிறவர் வரை எல்லோர் நேரத்தையும் குறித்து, இது உங்கள் சிறந்த நேரமா இல்லையா என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பேரேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். எனக்கு இந்த ஏற்பாடு காம்ரேட்ஸ் பதக்கத்தைவிட ஒரு படி மேலாகவே தோன்றுகிறது. ஆனால் பதினாறு வயதுப் பையனிடம் போய்ப் பதக்கம் வேண்டாம், பேரேடு பார் என்றால் கேட்பானா?

ஆகவே நம் வட்டாரத்துக்கு நான் நினைப்பது இதுதான். 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 20, 25, 30, 40 நிமிடம் என்று நான்கு படி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும் தனிப் படிகள். எந்தப் படிக்குள் வந்தாலும் அதற்குரிய பதக்கம். கடைசி ஆள் வரும் வரை நேரம் குறிக்க வேண்டும். சான்றிதழில் இந்த ஆண்டு நேரமும் அதன் கீழே சென்ற ஆண்டு நேரமும் இருக்க வேண்டும். வளர்ச்சியா, சரிவா என்பதை ஓடியவரே பார்த்துக்கொள்வார். அதற்கென்று தனிப் பதக்கம் வேண்டாம்.

நன்கொடை கொடுக்கும்போது நாமும் வரிசை மாற்றிக் கேட்க வேண்டும். முதலில் சாலையை அளந்தீர்களா, தண்ணீர் எத்தனை இடத்தில், ஆம்புலன்ஸ் உண்டா, நேரம் குறிக்க எத்தனை பேர்? இவ்வளவும் போக மிச்சம் இருந்தால் பதக்கம். நம்மவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. கொடுத்த தொகைக்குத் தக்கபடி கடைப் பெயரைப் பதக்கத்தில் போடச் சொல்கிறோம். ஒரு பந்தயத்தில் பதக்கத்தின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை பெயரே நிறைந்து, எந்த ஊர் ஓட்டம், எந்த ஆண்டு என்று போட இடமில்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச விரும்புகிறேன். கடையில் பில் போடும் பிள்ளைகளில் இரண்டு பேரை அன்று காலை மூன்று மணி நேரம் அனுப்பி வைக்க யார் யார் சம்மதிப்பார்கள் என்று தெரிந்தால் நல்லது. எண்ணும் நேரமும் தப்பில்லாமல் எழுத அவர்களைவிடத் தகுந்த ஆட்கள் ஊரில் இல்லை.