ஏர்லைன்ஸ் வேலை டு பாப் மேடை... சுவிஸ் தமிழச்சி பிரியா ரகு கதை தெரியுமா?

மேளம்னாலே மதுரைப் பக்கம் முதல்ல சொல்ற பேரு வாடிப்பட்டி. அந்த ஊர்ப் பசங்க ப்ளேலிஸ்ட்ல மேளமும் இருக்கும், ராப்பும் இருக்கும். ஆனா, ரெண்டையும் ஒரே பாட்டுல கலந்து உலகத்துக்குப் பாட முடியுமா? முடியும்னு காட்டியவர் பிரியா ரகு.

போர்ச் சூழலால் இலங்கையை விட்டு சுவிட்சர்லாந்து போன தமிழ்க் குடும்பம். பிரியா வளர்ந்தது செயின்ட் கேலன் நகரத்தில். வெளியே ஜெர்மன், வீட்டுக்குள்ளே தமிழ். அப்பா ஒரு குடும்ப இசைக்குழுவே வச்சிருந்தார். அண்ணன் கீபோர்டு, தங்கச்சி பாட்டு. உள்ளூர் விழாக்கள்ல தமிழ் சினிமாப் பாட்டுதான் பாடுவாங்க.

ஆனா, இங்கிலீஷ் பாட்டு, மேடைன்னு போக வீட்டில் பச்சைக்கொடி இல்லை. நம்ம வீடுகள்ல நடக்கிற அதே கதைதான்! அதனால ஒரு விமான நிறுவனத்துல உதிரிபாகங்கள் வாங்குற பிரிவில் வேலை. பாட்டை மட்டும் விடலை. 'ஜாஃப்னா கோல்டு'ங்கிற பேர்ல இசையமைக்கிற அண்ணனோட சேர்ந்து பாட்டு உருவாக்கிட்டே இருந்தார்.

திருப்பம் 2020-ல் வந்தது. அவரோட 'குட் லவ் 2.0' பாட்டு, ஃபிஃபா 21 வீடியோ கேம்ல இடம்பிடிச்சது. அப்புறம் வார்னர் நிறுவனத்தோட ஒப்பந்தம். 2021-ல் வந்த தொகுப்போட பேரே 'டேம்ஷீஸ்தமிழ்'. அதாவது, 'அட, இவ தமிழ்ப் பொண்ணு!' அதுல உள்ள 'கமலி' பாட்டுக்கு இன்ஸ்பிரேஷன், மாமல்லபுரத்துல ஸ்கேட்டிங் பண்ற சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படம். 2023-ல் வந்த முழு ஆல்பத்துக்குப் பேர் 'சந்தோசம்'.

'தமிழ் கலந்தா வெளிநாட்டுக்காரனுக்குப் புரியுமா?'ன்னு கேட்கலாம். சுவிஸ்ல அதுக்கு முன்னாடியே ஒரு பதில் இருக்கு. ஸ்டீஃபன் ஐஷர்னு ஒரு பாப்-ராக் பாடகர். ஜெர்மன் பேசுற பகுதியில் பிறந்து, பிரெஞ்சுல பாடிப் பெரிய ஆளானவர். 1991-ல் வந்த 'எங்கெல்பெர்க்' ஆல்பத்துல தன் ஊர்ப் பேச்சுவழக்கிலும் ஒரு பாட்டு பாடினார். ஒரு வார்த்தை புரியாத பிரான்ஸ்லயும் அது ஹிட்! அர்த்தம் புரியுறதுக்கு முன்னாடியே தாளம் காதுக்குள்ள போயிடும், அவ்வளவுதான்.

பிரியா கதையில் கவனிக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, பாட்டு சோறு போடுற வரைக்கும் வேலையை விடலை. வேலை இருக்குன்னு பாட்டையும் விடலை. ரெண்டாவது, சின்ன வயசுல வீட்டில் கேட்ட இசையை மறைக்காம, அதையே தன் அடையாளமா ஆக்கிக்கிட்டார்.

திருவிழாவுல உங்க ஊர் மேளம் அடிக்கும்போது அடுத்தமுறை போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. ஸ்டேட்டஸ் போட மட்டும் இல்லை... உங்க முதல் பாட்டோட பீட் அதுவாகவே இருக்கலாம்!