புள்ளி அழியாத படம்

நம் இல்லங்களில் மாலை வேளையில் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடுவதும், பெற்றோர் அவர்களைக் கடிந்துகொள்வதும் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. ஆயினும் அப்பிள்ளைகளுள் சிலர், பிறர் ஆக்கிய விளையாட்டை ஆடுவதோடு அமையாமல், தாமே ஒன்றை ஆக்கிப் பார்க்கவும் விரும்புகின்றனர். தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளையாட்டு அமைக்க முயல்வாரும் உளர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகளுக்குத் தாய்மொழி எழுத்தைப் பழக்க இது நல்லதொரு வழியன்றோ? அவ்வழியில் செல்வோர்க்குப் பயன்படுமாறு, கணினிப் படம் எதனால் ஆயது, அதனை எவ்வடிவில் சேமித்தல் நலம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மேட்டூரிலிருந்து பாலாற்றைக் கடந்து, மாதேசுவரன் மலை வழியாக மைசூருக்கு வரும் நம் குடும்பங்கள் கொள்ளேகாலத்தை நன்கு அறியும். 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. பட்டுச் சேலையின் கரையில் மயிலோ மாங்காயோ பூக்க வேண்டுமாயின், அதன் உருவத்தை முதலில் கட்டத்தாளில் வரைந்துகொள்வது நெசவுத் தொழிலின் முறை. ஒவ்வொரு கட்டமும் ஊடும் பாவும் கூடும் ஓரிடத்தைக் குறிக்கும். அருகில் நின்று நோக்கினால் படிப்படியாகத் தெரியும் விளிம்பு, சற்று விலகி நோக்கினால் அழகிய வளைவாகத் தோன்றும்.

கணினித் திரையின் படமும் இத்தகையதே. அதன் ஒவ்வொரு கட்டத்திற்கும் பிக்சல் என்று பெயர்; தமிழில் படப்புள்ளி எனலாம். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்பவர், தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை முதன்முதலாகக் கணினியில் ஏற்றினார். அகலத்தில் 176, உயரத்தில் 176, ஆக 30,976 புள்ளிகளே அப்படத்தில் இருந்தன. விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி எழுதுகையில் பிரெட் பில்லிங்ஸ்லி என்பார் 1965-இல் பிக்சல் என்னும் சொல்லை அச்சில் வழங்கினார்.

இன்று ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றன் அளவுகளாகக் குறிக்கின்றனர். ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை அமையும். அதற்கு ஒரு பைட் இடம் வேண்டும். ஆகவே 1,920 புள்ளி அகலமும் 1,080 புள்ளி உயரமும் உள்ள திரை ஒன்றை நிரப்புதற்கு 62 இலட்சத்திற்கு மேற்பட்ட பைட்டுகள் தேவைப்படும். பழைய விளையாட்டுகளுக்கு இவ்வளவு இடம் ஏது? 1985-இல் ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு முழுவதும் நாற்பது கிலோபைட்டில் அடங்கியது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு துண்டுகளை மீண்டும் மீண்டும் அடுக்கியே அதன் உலகைப் படைத்தனர். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. வறுமையிலும் செம்மை என்பது இதுதான் போலும்!

இடத்தைச் சுருக்கும் தேவையிலிருந்தே பட வடிவங்கள் பல பிறந்தன. அவற்றை இரு குலங்களாகப் பிரிக்கலாம். முதற்குலம் எதையும் இழவாமல் சுருக்குவது. ‘நீலம், நீலம், நீலம்’ என்று நூறு முறை எழுதுவதற்குப் பதில் ‘நீலம் நூறு’ என்று எழுதினால் இடம் குறையும், பொருள் குறையாது. இக்கருத்தையே மேலும் நுட்பமாக்கிக் கையாளுபவை ஜிஃப், பி.என்.ஜி. என்னும் வடிவங்கள். 1987-இல் தோன்றிய ஜிஃப், ஒரு படத்தில் 256 நிறங்களையே ஏற்கும். அதன் சுருக்க முறைக்கு உரிமை பெற்றிருந்த நிறுவனம் கட்டணம் கோரவே, அறிஞர் பலர் கூடி யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பி.என்.ஜி. வடிவத்தை 1996-இல் வெளியிட்டனர். அது எல்லா நிறங்களையும் ஏற்கும். உருவத்தைச் சுற்றியுள்ள இடத்தைக் கண்ணாடி போல் தெளிவாக விடவும் இடந்தரும்.

இரண்டாம் குலம், கண்ணுக்குப் புலப்படாதவற்றை விலக்கிச் சுருக்குவது. 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் இக்குலத்தின் தலைமகன். இதன் பிறப்பில் நம் பக்கத்தவர் பங்கு பெரிது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அங்குள்ள விசுவேசுவரய்யா பொறியியற் கல்லூரி மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த காலத்தில், 1961-இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். படத்திலுள்ள மெதுவான மாற்றங்களையும் விரைவான மாற்றங்களையும் பிரித்தறியும் கணித முறையொன்று அவர் உள்ளத்தில் உதித்தது. 1972-இல் அவ்வாராய்ச்சிக்கு அந்நாட்டு அறிவியல் அறக்கட்டளையிடம் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. 1973-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊதியமின்றியே அவர் உழைத்தார். தம்மிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-இல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அம்முறையை அவர் வெளியிட்டார். உலகெங்கும் கைப்பேசிகள் எடுக்கும் கோடானுகோடி ஒளிப்படங்கள் இம்முறையாற் சுருங்கியவை. பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்கச் சென்ற மூவரின் உழைப்பு இது.

அம்முறை செயற்படும் விதத்தையும் சுருக்கமாகக் காண்போம். ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வானம் மெல்ல வெளுப்பது போன்ற மாற்றங்களைப் பெரும்பாலும் காத்து, மணலின் நுண்ணிய சொரசொரப்பைப் போன்ற விரைவான மாற்றங்களைக் குறைத்துவிடுகிறது. தாத்தா பாட்டியின் முகத்திலோ சாமுண்டி மலைக் காட்சியிலோ இவ்விழப்பை நம் கண் உணர்வதில்லை. ஆனால் எழுத்தின் நிலை வேறு. வெள்ளைத் தாளில் கருங்கோடு திடீரென்று தொடங்கித் திடீரென்று முடிகிறது. அந்த விரைவான மாற்றமே எழுத்தின் உயிர். அதைக் குறைத்தால் விளிம்பில் அழுக்குப் படிந்தாற்போலக் கறை சூழும்.

தமிழுக்கு இதனால் நேரும் இடர் தனித்தன்மையுடையது. நம் மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி மிகச் சிறியது; அதன் வேலையோ மிகப் பெரியது. ‘பல்’ என்ற சொல்லில் புள்ளி மறைந்தால் ‘பல’ ஆகிவிடும். ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது கறையாகத் தோன்றாது, பாடமாகவே பதியும். ஆகவே எழுத்து விளையாட்டு அமைக்கும் இளைஞர்கள் பின்வருவனவற்றை நினைவிற் கொள்வார்களாக.

எழுத்து, பாத்திரங்களின் உருவம், பொத்தான் ஆகியவற்றைப் பி.என்.ஜி. வடிவிலேயே சேமித்தல் வேண்டும். பின்னணியாக வரும் ஒளிப்படங்களுக்கு ஜேபெக் போதும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்குந்தோறும் இழப்பு கூடக்கூடும். இழந்ததைப் பின்னர் பி.என்.ஜி.யாக மாற்றி மீட்க இயலாது. எனவே மூலப்படத்தைத் தனியே காத்து வைத்தல் அவசியம்.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆங்கில எழுத்துகள் செவ்வனே அடங்கும். சுழியும் கொம்பும் புள்ளியும் உடைய நம் எழுத்துகளுக்கு அவ்விடம் போதாது. பதினாறோ அதனினும் மிகுதியோ கொடுத்தல் நலம். பெரிய எழுத்துப் படத்தைச் சுருக்கும்போது ஒரே படப்புள்ளியால் ஆன மெய்ப்புள்ளி அறவே மறைந்துபோதலும் உண்டு. ஆகையால் சுருக்கிய பின் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கண்ணால் பார்த்துவிடுதல் தகும்.

மற்றொன்று: பி.என்.ஜி. கோப்பு சிறிதாக இருப்பினும், விளையாட்டு ஓடும்போது நினைவகத்தில் அது பெரும்பாலும் விரிந்தே நிற்கும். அகலமும் உயரமும் 1,024 புள்ளிகளாக உள்ள படம், தெளிவின் அளவையும் சேர்த்துப் புள்ளிக்கு நான்கு பைட்டாக, ஏறத்தாழ 42 இலட்சம் பைட்டு இடத்தைக் கொள்ளும். விலை குறைந்த கைப்பேசிகளில் விளையாட்டு திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். வேண்டிய அளவிலேயே படம் அமைத்தால் நம் எளிய இல்லங்களிலும் அவ்விளையாட்டு தடையின்றி ஓடும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திரையின் முன் அமர்ந்து கட்டம் கட்டமாக ஒரு ‘ழ’கரத்தை வரைந்துகொண்டிருந்தால், அதனை வீண்பொழுது என்று எண்ணாதிருங்கள். அருகில் அமர்ந்து, சுழி சரியா, புள்ளி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவ்வேலைக்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. தமிழ் எழுத்து தெரிந்திருந்தால் போதும்.