லீஸ் முடிந்த காரையே வாங்குவதா, சேலத்தில் பழைய கார் தேடுவதா?

அக்கா பையன் கரடியூரிலிருந்து போன் பண்ணினான். "மாமா, கார் லீஸ் இந்த மார்ச்சோட முடியுது. அதே வண்டியை எடுத்துக்கவா, இல்ல திருப்பிக் கொடுத்துட்டு சேலத்துல பழசா ஒண்ணு பாக்கவா?" பெங்களூர் கம்பெனி வேலைதான், இப்போது வீட்டிலிருந்தே செய்கிறான். அக்காவை மாதம் ரெண்டு தடவை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ராத்திரி அவசரம் என்றாலும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் ஆகணும். அதனால் வழியில் நிற்காத வண்டி வேண்டும். காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பாதியிலேயே நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்த ரெண்டு மூணு விஷயம் தப்பு என்று தெரிந்தது.

அவன் முதலில் சொன்னது, "நாலு வருஷமா வாடகை கட்டிட்டேன் மாமா, விட மனசு வரலை." கட்டியது கட்டியதுதான். வாங்கினாலும் வராது, வாங்காவிட்டாலும் வராது. அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது இன்றைக்கு மேல் கையிலிருந்து போகும் பணம் மட்டும்.

லீஸ் ஒப்பந்தத்தில் கடைசி விலை ஒன்று எழுதியிருக்கும். ஆர்.வி. என்பார்கள். இது இன்றைய சந்தை விலை இல்லை. லீஸ் ஆரம்பிக்கும்போது, நாலு வருஷம் கழித்து வண்டி இவ்வளவு பெறும் என்று லீஸ் கம்பெனி போட்ட ஊகம். 2022-ல் ஊகம் போட்டவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 தெரியாது. அன்றைக்குத்தான் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து (28 ஜிஎஸ்டி, 1 செஸ்) 18 ஆனது. புது வண்டி விலை ஏறக்குறைய எட்டரை சதவீதம் இறங்கினால் பழைய வண்டியும் கூடவே இறங்கத்தான் செய்யும். ஒப்பந்தத்தில் எழுதிய எண் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே ஆர்.வி. மலிவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அவனுடைய வண்டி வாங்கியபோது 8,00,000. ஆர்.வி. 3,60,000. "சூப்பர் மாமா" என்றான். ஜிஎஸ்டி தனியா என்று கேள் என்றேன். தனிதான். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறோம். பழைய காருக்கு 18 சதவீதம் என்று 2025 ஜனவரியில் வந்த விதி, வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மேல் மட்டும் போடும் வரி. ஆனால் அந்தச் சலுகை, வாங்கியபோது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்காதவர்களுக்குத்தான். லீஸ் கம்பெனிகள் வழக்கமாக அந்த வரவை எடுத்துவிடும். அதனால் முழு விலைக்கும் வரி. 64,800 ஏறி 4,24,800 ஆனது. அதே காரை ஒரு தனி ஆளிடம் வாங்கினால் ஜிஎஸ்டியே கிடையாது.

அடுத்தது வருமான வரி. வண்டி கம்பெனி வழியாகக் கைமாறினால், ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் மிச்சத்தில் 20 சதவீதம் கழித்து ஒரு மதிப்பு போடுவார்கள். 8,00,000 நாலு வருஷத்தில் 3,27,680 ஆகும். அதைவிடக் குறைவாகக் கொடுத்து வாங்கினால் வித்தியாசம் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். இவன் 3,60,000 கொடுப்பதால் தப்பித்தான். ஆர்.வி. ஒரு லட்சம்தான் என்று இருந்திருந்தால் 2,27,680 அவன் வருமானமாகியிருக்கும். 30 சதவீத வரியில் இருப்பவர்களுக்கு எழுபதாயிரம் அங்கேயே போயிற்று. ரொம்ப மலிவான ஆர்.வி.யைப் பார்த்துத் துள்ளும் முன் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் மேலே கே.ஏ. நம்பர். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். படிவம் 28-ல் என்ஓசி, பிறகு 29, 30-ல் பெயர் மாற்றம், பிறகு நம் ஊர் ஆயுள் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வரி ஏறியது. 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்கு 13 சதவீதம். பழையதுக்கு வயசுக்குத் தக்கபடி குறையும், ஆனால் நாம் ஆசைப்படும் அளவு குறையாது. எல்லாம் சேர்த்து 85,000 என்று போட்டோம். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீது யார் பெயரில் இருக்கிறது, பணம் எப்போது வரும் என்ற கேள்விகள் இருப்பதால் அதை வரவில் வைக்கவில்லை.

ஆக 5,09,800. "அடேங்கப்பா, மூணரை லட்சம்னுதானே ஆரம்பிச்சோம்!" என்றான்.

எதிர்ப்பக்கம் சேலத்தில் அதே மாடல், அதே வருஷம், தமிழ்நாட்டு நம்பர், ஒரே உரிமையாளர். 4,70,000 சொன்னார்கள். பெயர் மாற்ற 5,000. பழைய வண்டி என்றால் டயர், பேட்டரி, கிளட்ச் என்று வந்ததும் ஒரு செலவு இருக்கும், அதற்கு 45,000. மொத்தம் 5,20,000. வித்தியாசம் பத்தாயிரம். பத்தாயிரத்துக்காக முடிவெடுக்க முடியாது. ஆகவே காகிதத்தை மடித்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போனோம்.

மலைக்காரர்கள் பழைய கார் பார்க்கும்போது ஐந்து ரோட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுக் கை கொடுக்கக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். விற்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மேலே ஏற்றிப் பாருங்கள். மூணாவது கியரில் மிதிக்கும்போது சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. மேலே போய் நிறுத்தியதும் கருகல் வாடை வந்தாலும் அதேதான். டர்போ இல்லாத சின்ன இஞ்சினுக்கு அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் சக்தி ஏழில் ஒரு பங்கு போல இறங்கும். அது கோளாறு இல்லை, குழம்ப வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் நடுங்குகிறதா, போகப்போக பெடல் ஆழமாகப் போகிறதா என்று பார்க்கணும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் மண் கறை அங்கேதான் மிஞ்சியிருக்கும். 2023 மிக்ஜாம் மழையில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்று டிவியில் பார்த்தோமே. விற்பவர் மலையேற மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். சேலத்துக்காரர் மறுத்தார். "டீசல் யாருங்க போடுறது?" என்றார், பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு.

அப்புறம் லீஸ் வண்டியையே ஏற்றினோம். கிளட்ச் பரவாயில்லை, இறக்கத்தில் பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆடியது. அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு நிம்மதிதான், ஏனென்றால் அவன் லீஸ் வாடகையில் பராமரிப்பும் அடங்கும். மார்ச் முடியும் வரை டிஸ்க், பேட், ஆயில், அலைன்மென்ட் எல்லாம் அவர்கள் செலவு. வாங்கப்போவதாக வாயைத் திறக்கும் முன் சர்வீஸுக்கு விடச் சொன்னேன். இது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்காது, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். முன்னே யாருக்கோ ஒதுக்கிய 45,000 இந்தப் பக்கம் தேவைப்படாமல் போனது. நாலு வருஷமாக எந்தப் பள்ளத்தில் இறங்கியது, எங்கே இடித்தது என்று ஓட்டியவனுக்கே தெரியும் என்பதையும் சேர்த்தால் தராசு சாய்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் அவனுக்குக் கசந்தது. நாலு வருஷம் இன்சூரன்ஸில் ஒரு கிளைம் கூடப் போடவில்லை, ஆனால் நோ கிளைம் போனஸ் வண்டியோடு வராது, பாலிசி யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குத்தான். இவனுடையது லீஸ் கம்பெனி பெயரில். ஆகவே பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும் என்று நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறான்.

பிரேக் வேலை முடிந்து வண்டி போன வாரம் மேலே வந்தது. என்ஓசிக்கு லீஸ் கம்பெனி கையெழுத்து பாக்கி. அக்கா பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பழைய வண்டியேதானா?" என்று கேட்டாளாம்.